கடலுக்கு அளவுகோல் – 14: டாஸ்மேனியாவின் கோடும் விண்கலத்தின் கணக்கும்

1841 ஜூலை 1. டாஸ்மேனியாவின் தென்கிழக்கு மூலையில் போர்ட் ஆர்தர் என்ற துறைமுகம். அதன் நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு. 'இறந்தவர்களின் தீவு' என்று அதற்குப் பெயர். பிரிட்டன் நாடு கடத்திய கைதிகளை அடைத்துவைத்த குடியேற்றத்துக்கு இடுகாடு அதுதான். 1833 முதல் 1877 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே புதைத்தார்கள். அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் தலைக்கல் உண்டு; பெரும்பாலான கைதிகளுக்கு அதுவும் கிடையாது. அந்தத் தீவின் கரைப் பாறையில் அன்று உளி இறங்கியது. ஒரு கிடைக்கோடு, அதைத் தொட்டபடி கீழிருந்து மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. 'இது அரசாங்கச் சொத்து' என்று சொல்ல பிரிட்டன் பயன்படுத்திய முத்திரை அந்த அம்பு. கைதிகளின் சட்டையிலும் அதைத்தான் குத்தினார்கள்.

சென்ற இதழில் பார்த்த ஆம்ஸ்டர்டாம் மதகுக் கற்கள் ஒரு நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கப் பதித்தவை. போர்ட் ஆர்தர் கோட்டுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. பின்னால் எவராவது வந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதற்காகவே வெட்டிய கோடு அது. அந்த வகையில் உலகில் மிகப் பழைய குறிகளில் அதுவும் ஒன்று.

வேலையை முன்னின்று நடத்தியவர் தாமஸ் லெம்ப்ரியர். இவர் விஞ்ஞானி இல்லை, குடியேற்றத்தின் பண்டகசாலை அதிகாரி. மாவு எத்தனை மூட்டை, இறைச்சி எத்தனை பீப்பாய் என்று கணக்கு வைப்பதுதான் உத்தியோகம். ஓய்வு நேரத்தில் படம் வரைவார், நாட்குறிப்பு எழுதுவார், வெயிலையும் மழையையும் குறித்து வைப்பார். 1837-இல் கடலின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கத் தொடங்கினார். இப்படிப்பட்ட ஆசாமிகள் இல்லாவிட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கை வரலாற்றில் பாதிப் பக்கங்கள் வெற்றுத்தாளாகவே இருந்திருக்கும். மேலிடம் கேட்டதற்கு மேல் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்கு எழுதும் குணம் அவர்களுக்கு.

கோடு வெட்டும் யோசனை அவருடையது அல்ல. அது ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட்டிடமிருந்து வந்தது. நிலம் மெல்ல உயர்கிறதா, தாழ்கிறதா என்பது அக்காலப் புவியியலாளர்களை உலுக்கிய கேள்வி. உலகக் கரைகள் பலவற்றில் கடல் மட்டத்தைப் பாறையில் பதித்து வைத்தால் நூறாண்டு கழித்தாவது விடை கிடைக்கும் என்றார் அவர். அந்த வேண்டுகோளைத் தென்கோடிக்குச் சுமந்து வந்தவர் ஜேம்ஸ் கிளார்க் ரோஸ். 'எரிபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களில் அன்டார்க்டிகாவைத் துருவப் போனவர், இடையில் இளைப்பாற 1841 ஏப்ரலில் ஹோபார்ட்டுக்குத் திரும்பியிருந்தார். அப்போது டாஸ்மேனியாவின் ஆளுநர் சர் ஜான் பிராங்க்ளின். அவரும் துருவக்கடல் மாலுமிதான். நான்கு ஆண்டுகள் கழித்து இதே இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக் பனியில் போய் மறைந்தவர் அவரே என்பது வேறு கதை. ரோஸும் பிராங்க்ளினும் ஆர்வம் காட்ட, ஏற்கெனவே ஓதமானி (கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்துகொண்டிருந்த லெம்ப்ரியரிடம் வேலை வந்து சேர்ந்தது.

கோடு வெட்டியாயிற்று. ஆனால் அது எதைக் குறிக்கிறது?

ரோஸ் பிறகு எழுதிய பயண நூலைப் படித்தவர்கள், அந்தக் கோடு கடலின் சராசரி மட்டத்தைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று கோடு நிற்பதோ சராசரிக் கடல் மட்டத்துக்குச் சுமார் 30 செ.மீ. மேலே. அப்படியானால் 1841-க்குப் பிறகு கடல் இறங்கிவிட்டது என்றல்லவா ஆகிறது? கடல் மட்டம் உயர்வதாகச் சொல்வதே பொய் என்று வாதாடியவர்களுக்கு இந்தப் பாறை பிடித்தமான சாட்சியாகிப் போனது. ஒரு புகைப்படமும் ரோஸின் நூலும் போதும், வழக்கு முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள்.

லெம்ப்ரியர் அவ்வளவு கவனக்குறைவானவர் இல்லை. கோட்டுக்கு எதிரே ஒரு கல்வெட்டும் பதித்திருந்தார். எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் அந்த உயரத்தில் நின்றது, அன்று நிலவுக்கு எத்தனை நாள் வயது, அந்த நேரத்தில் தன் ஓதமானி காட்டிய அளவு 6 அடி 1 அங்குலம் என்பதெல்லாம் அதில் இருந்தது. கோடு சராசரி மட்டம் அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தண்ணீர் நின்ற இடம். 1888-இல் டாஸ்மேனியாவின் வானிலைத் துறையைக் கவனித்துவந்த கேப்டன் ஷார்ட் அந்தத் தீவுக்குப் போய்க் கோட்டை அளந்ததோடு கல்வெட்டின் வாசகத்தையும் எழுதி வைத்தார். நல்ல வேளை, பின்னாளில் கல்வெட்டே காணாமல் போய்விட்டது.

கல்வெட்டின் நகல் மட்டும் இருந்தால் போதாது. ஓதமானியில் 6 அடி 1 அங்குலம் என்றால், அதே ஓதமானியின் கணக்கில் அக்காலச் சராசரி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு லெம்ப்ரியரின் தினசரிப் பதிவேடு வேண்டும். அது தொலைந்தே போனதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1990-களில் பிரிட்டிஷ் கடலியலாளர் டேவிட் பியூ அதைத் தேடி எடுத்தார். 1841, 1842 ஆண்டுகளின் ஏடுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. நாள்தோறும் ஏற்றம், இறக்கம், நேரம் என்று வரிவரியாக எழுதிய கையெழுத்து ஏடுகள்.

ஜான் ஹன்டர், ரிச்சர்ட் கோல்மன், டேவிட் பியூ மூவரும் கணக்கைக் கையிலெடுத்தார்கள். போர்ட் ஆர்தரில் 1999 முதல் 2002 வரை நவீன ஓதமானி ஒன்றை இயக்கி, இன்றைய சராசரிக்கும் பாறைக் கோட்டுக்கும் இடையிலான உயரத்தை அளந்தார்கள். மறுபக்கம் லெம்ப்ரியரின் ஏட்டிலிருந்து அன்றைய சராசரி. கல்வெட்டிலிருந்து அதற்கும் கோட்டுக்குமான உறவு. இரண்டையும் கழித்தால் விடை வந்துவிடும். 2003-இல் வெளியான முடிவு இது: நூற்று அறுபது ஆண்டுகளில் கடல், பாறையை ஒட்டி, சுமார் 13 செ.மீ. ஏறியிருக்கிறது. ஆண்டுக்கு 0.8 மி.மீ. பாறையும் மிக மெதுவாக உயர்ந்துகொண்டிருப்பதைச் சேர்த்தால் ஆண்டுக்கு 1 மி.மீ. வரும், பிழை வரம்பு 0.3. கடல் இறங்கியதாகச் சொன்ன சாட்சி, ஆவணம் கிடைத்தவுடன் பிறழ்ந்துவிட்டது.

இந்த முடிவில் இரண்டு குறைகள் உண்டு. 1841-இல் ஒரு புள்ளி, 1888-இல் ஷார்ட் தொட்ட இன்னொரு புள்ளி, பிறகு 2000-த்தை ஒட்டி ஒன்று. இடையில் கடல் எப்போது வேகமாக ஏறியது, எப்போது சும்மா கிடந்தது என்று கோடு சொல்லாது. கிழக்குக் கரையில் லிட்டில் ஸ்வான்போர்ட் என்ற இடத்தில் உப்புச் சதுப்பின் சேற்றடுக்குகளை ஆராய்ந்தவர்கள், ஏற்றத்தின் பெரும்பகுதி 1900-க்கும் 1950-க்கும் இடையில் நடந்ததாகக் கண்டார்கள். அந்த அரை நூற்றாண்டில் ஆண்டுக்கு 4 மி.மீ.க்கும் மேல். ஒரே வேகத்தில் ஏறியதாக வைத்துக்கொண்டு வகுத்தால் அந்தப் பாய்ச்சல் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

இரண்டாவது குறை, ஒரு பாறை ஒரு கரையைத்தான் அறியும். டாஸ்மேனியா சின்னத் தீவு அல்ல. கிட்டத்தட்ட இலங்கையின் பரப்பு. கிழக்கே ஆஸ்திரேலியக் கிழக்கு நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது, தெற்கே குளிர்ந்த தென்பெருங்கடல், வடக்கே ஆழமற்ற பாஸ் நீரிணை. கடல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறாது. சூடான நீர் விரிந்து உயரும். காற்று ஒரு கரையிலிருந்து எடுத்து இன்னொரு கரையில் குவிக்கும். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கரையை விட்டு மேலே போயாக வேண்டும்.

டாஸ்மேனியா தீவு என்பதே ஐரோப்பியர்களுக்கு வெகுகாலம் தெரியாது. பெருநிலத்தின் வால் என்றுதான் வரைபடங்களில் போட்டிருந்தார்கள். 1798–99-இல் மேத்யூ பிளின்டர்ஸும் ஜார்ஜ் பாஸும் 'நார்ஃபோக்' என்ற சிறு பாய்க்கப்பலில் சுற்றி வந்த பிறகே சந்தேகம் தீர்ந்தது. நீரிணைக்குப் பாஸின் பெயர் கிடைத்தது. தீவின் ஆதிகுடிகளின் முன்னோர் கால்நடையாகவே வந்து சேர்ந்தவர்கள். பனியுகத்தில் உலகக் கடல் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. பாஸ் நீரிணையின் சராசரி ஆழமே சுமார் 60 மீட்டர்தான். அன்று அது பாலம். பனி உருகி, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பாலம் முங்கியது. அதே ஆழமற்ற நீர்ப்பரப்புதான் பின்னாளில் விண்கலங்களைச் சோதிக்கும் இடமாக ஆயிற்று.

விண்ணிலிருந்து கடலை அளக்கும் முதல் பெரிய முயற்சி நூற்றைந்து நாளில் முடிந்துபோனது. 1978 ஜூனில் நாசா ஏவிய 'சீசாட்' அக்டோபரில் மின்கோளாறால் செத்தது. அந்த நூற்றைந்து நாளிலேயே அது காட்டிய கடல்பரப்பு, விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகளுக்குத் தீனி போட்டது. உருப்படியான தொடர் பதிவு தொடங்கியது 1992 ஆகஸ்ட் 10 அன்று. அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து செய்த 'டோபெக்ஸ்/பொசைடன்' தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் ராக்கெட்டில் கிளம்பிற்று.

அதன் வேலை கேட்பதற்கு எளிது. 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பு. அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் குறி. நேரத்திலிருந்து தூரம் வரும். விண்கலம் பூமியின் மையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று தனியே தெரியும். இரண்டையும் கழித்தால் கடலின் உயரம். 127 சுற்றுகளில், பத்து நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், அதே பாதைக்குத் திரும்பி வந்துவிடும்.

சிக்கல் எண்களில் இருக்கிறது. துடிப்பு போய்வர ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அதில் ஒரு மில்லிமீட்டர் தூர வித்தியாசம் என்றால் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஏழு பங்கு. வழியில் உள்ள காற்று துடிப்பைத் தாமதப்படுத்தும். உலர்ந்த காற்றால் மட்டும் தூரம் சுமார் 2.3 மீட்டர் அதிகமாகத் தெரியும். ஈரப்பதம் இடத்துக்கு இடம் மாறும், நாற்பது செ.மீ. வரை கூட்டிக் காட்டும். அதை அளக்கவே ஒரு நுண்ணலைக் கருவியைச் சேர்த்து அனுப்பினார்கள். மேலே அயனி மண்டலம் செய்யும் குழப்பத்தைப் பிரித்தெடுக்க ரேடாரை இரண்டு அலைவரிசைகளில் இயக்கினார்கள். அலை உயரமாக இருந்தால் அதன் பள்ளங்கள் முகடுகளைவிட நன்றாக எதிரொலிக்கும், கடல் தாழ்ந்தது போலத் தெரியும். அதற்கும் ஒரு திருத்தம். பிறகு ஓதம், காற்றழுத்தம். மீட்டர் கணக்கில் கழித்துக் கூட்டி, செ.மீ. கணக்கில் சரிசெய்து, கடைசியில் தேடுவது ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டரை.

ஒரு தனித் துடிப்பால் அந்த மூன்று மி.மீ.ஐப் பிடிக்க முடியாது. கோடிக்கணக்கான அளவீடுகளைச் சராசரி செய்யும்போது தாறுமாறான பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். போகாத பிழை ஒன்று உண்டு. கருவியே மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தச் சாய்வு கடல் ஏறுவது போலவே தெரியும். எத்தனை கோடி அளவீடு சேர்த்தாலும் அது கரையாது.

டோபெக்ஸ் ஏறிய நான்கே ஆண்டுகளில் அது நடந்தது. முதல் கணக்குகளில் கடல் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக ஏறுவதாகத் தெரிந்தது. கேரி மிட்சம் என்ற அமெரிக்கக் கடலியலாளர் விண்கலத்தின் எண்களை உலகெங்கும் தீவுகளிலும் துறைமுகங்களிலும் உள்ள ஓதமானிகளோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். இரண்டும் விலகிக்கொண்டே போயின. 1996-இல் காரணம் பிடிபட்டது. விண்கலத்தின் கடிகாரமாக இயங்கும் அலைவியில் ஏற்படும் சிறு மாற்றத்தைச் சரிசெய்ய எழுதிய கணினி நிரலிலேயே பிழை. அது ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் போலி ஏற்றத்தைச் சேர்த்திருந்தது. ஈரப்பதக் கருவியிலும் ஒரு சின்ன நகர்வு இருந்தது பிறகு தெரியவந்தது. கோடிக்கணக்கான டாலர் விண்கலத்தின் குட்டை உடைத்தவை துறைமுகச் சுவர்களில் தொங்கும் பழைய பாணிக் குழாய்கள். இந்தத் தொடரில் ஓதமானிகளுக்கு நான்கு அத்தியாயங்கள் ஒதுக்கியதன் நியாயம் இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒப்பிடுவது ஒரு வழி. கடலின் உண்மையான உயரத்தை, விண்கலம் கடக்கும் அதே நொடியில், அதே இடத்தில் தனியே அளந்து நேருக்கு நேர் வைப்பது இன்னொரு வழி. அப்படிப்பட்ட இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலில் நிற்கும் 'ஹார்வெஸ்ட்' எண்ணெய் மேடை, மத்தியதரைக் கடலில் கோர்சிகாவின் செனடோசா முனை, கிரீட்டுக்குத் தெற்கே காவ்டோஸ் தீவு. இவை மூன்றும் பூமத்திய ரேகைக்கு வடக்கே. தெற்கே பல காலம் இருந்த ஒரே இடம் பாஸ் நீரிணை.

அதை 1992-இலேயே தொடங்கியவர்கள் ஹோபார்ட்டில் இருந்த நீல் ஒயிட், ஜான் சர்ச், மற்றும் லெம்ப்ரியர் கணக்கில் பிறகு பங்கெடுத்த அதே ரிச்சர்ட் கோல்மன். தீவின் வடகரையில் பர்னி என்ற துறைமுக ஊர். மரச்சில்லு ஏற்றுமதிக்குப் பேர்போன இடம். கப்பலுக்குக் காத்திருக்கும் சில்லுகள் துறையில் குன்றுபோல் குவிந்து கிடக்கும். அந்தத் துறைமுகத்தில் ஆஸ்திரேலியாவின் அடிப்படைக் கடல்மட்ட வலையத்தைச் சேர்ந்த ஓதமானி ஒன்று 1992-இல் ஓடத் தொடங்கியது. குழாய்க்குள் ஒலித்துடிப்பை விட்டு நீர்மட்டத்தை அறியும் கருவி அது. விண்கலம் செய்வதைத்தான் செய்கிறது, 1,336 கி.மீ.க்குப் பதில் சில மீட்டரில்.

ஆனால் விண்கலம் பர்னித் துறைமுகத்தை அளப்பதில்லை. கரைக்குப் பத்து, இருபது கி.மீ. நெருங்கினாலே நிலத்தின் எதிரொலி ரேடாருக்குள் கலந்துவிடும். ஈரப்பதக் கருவியின் பார்வையோ அதைவிட அகலம். எனவே விண்கலத்தின் பாதையில், பர்னியிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழமுள்ள இடத்தை ஒப்பீட்டுப் புள்ளியாக வைத்தார்கள். துறைமுகத்தில் அளப்பதை அந்த நடுக்கடல் புள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அங்குள்ள கைவேலை.

முதலில் அந்த இடத்தின் கடலடியில் அழுத்தமானிகளை இறக்குவார்கள். தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அவை எடையாக உணரும். அந்த எடையில் காற்றின் பாரமும் சேர்ந்திருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். தண்ணீரின் உப்பும் வெப்பமும் தெரிந்தால்தான் எடையை உயரமாக மாற்றலாம் என்பதால் அதே கயிற்றில் உப்புமானி, வெப்பமானி. மாதக்கணக்கில் கிடந்த கருவிகளை மேலே இழுத்து, எண்களை எடுத்து, பர்னி ஓதமானியின் எண்களோடு பொருத்தினால் இரண்டு இடங்களுக்கும் இடையில் ஓதமும் காற்றும் எப்படி வித்தியாசப்படுகின்றன என்று பிடிபடும்.

இத்தனையும் செய்தாலும் கிடைப்பது ஏற்ற இறக்கம்தான். முழு உயரம் கிடைக்காது. கடலடியில் போட்ட அழுத்தமானி பூமியின் மையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது என்று அதற்கே தெரியாது. அங்கேதான் ஜி.பி.எஸ். மிதவை வருகிறது. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் வாட்சன் இந்த மிதவைகளை வைத்தே தன் ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடங்கியவர். விண்கலம் கடக்கும் நாளில் படகில் போய், மிதவைகளை நீரில் விட்டு, சில மணி நேரம் மிதக்க விடுவார்கள். மிதவையில் உள்ள ஆன்டெனா விடாமல் தன் இருப்பிடத்தைப் பதியும். கரையில் நிலையாக நிற்கும் ஜி.பி.எஸ். நிலையங்களோடு ஒப்பிட்டால், துள்ளும் அலைக்கு நடுவிலும் நீர்மட்டத்தை ஒன்றிரண்டு செ.மீ.க்குள் சொல்லலாம். அவ்வளவு ஆயத்தமும் மேலே போகிறவருக்காக. அவரோ நீரிணையை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுவார். பாஸ் நீரிணை முரட்டுக் கடல். அன்றைக்குப் பார்த்துக் காற்று எழுந்தால் அடுத்த வாய்ப்புக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

டோபெக்ஸின் வாரிசாக 'ஜேசன்-1' 2001 டிசம்பர் 7 அன்று ஏறியபோது இந்தப் பாடெல்லாம் பலன் தந்தது. முதல் சில மாதங்கள் இரண்டு விண்கலங்களையும் ஒரே பாதையில், ஒரு நிமிட இடைவெளி விட்டு, முன்னும் பின்னுமாக ஓட்டினார்கள். ஒரே கடலை, ஒரே காற்றின் வழியாக, இரண்டு கருவிகள் பார்க்கின்றன; வித்தியாசம் வந்தால் அது கருவியின் வித்தியாசம். வந்தது. எந்தக் கருவி சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். ஹார்வெஸ்ட் மேடையும் செனடோசாவும் பாஸ் நீரிணையும் தனித்தனியே அளந்து கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொல்லின. ஜேசன்-1 கடலை உண்மையைவிட உயரமாகக் காட்டுகிறது. பாஸ் நீரிணையின் கணக்கில் சுமார் 13 செ.மீ.

அதாவது, போர்ட் ஆர்தரில் நூற்று அறுபது ஆண்டுகளில் கடல் ஏறிய அதே அளவு.

இதைக் கேட்டு விண்கலக் கணக்கே வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. என்றும் மாறாத 13 செ.மீ. தவறு தொந்தரவே இல்லை, தெரிந்துவிட்டால் கழித்துவிடலாம். 2008-இல் வந்த ஜேசன்-2, 2016-இல் வந்த ஜேசன்-3, 2020 நவம்பரில் வந்த 'சென்டினல்-6 மைக்கேல் ஃப்ரைலிக்' ஒவ்வொன்றையும் முந்தையதோடு அப்படிச் சேர்த்தே பறக்கவிட்டு, வித்தியாசத்தைக் கழித்து, ஒரே நீண்ட பதிவாக ஒட்டினார்கள். ஆபத்து மாறிக்கொண்டே போகும் தவறில்தான் இருக்கிறது.

டோபெக்ஸில் அப்படி ஒன்று மறைந்து கிடந்தது. அதன் ரேடார் மின்னணுப் பகுதி இரண்டு பிரதிகளாக, 'ஏ', 'பி' என்று இருந்தது. 'ஏ' பகுதி தேய்ந்து வருவது தெரிந்து 1999 பிப்ரவரியில் 'பி'க்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் 'ஏ' எவ்வளவு பிசகியது என்று உறுதியாகத் தெரியாமலே காலம் ஓடியது. அதன் விளைவு விநோதமாக இருந்தது. பனி முன்னைவிட வேகமாக உருகுகிறது, கடல் சூடேறுகிறது. ஆனால் விண்கலங்களின் பதிவில் கடல் ஏறும் வேகம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு சற்றுக் குறைவதாகத் தெரிந்தது. உருகிய பனியின் கணக்கும் உயர்ந்த கடலின் கணக்கும் ஒத்துவரவில்லை.

2015-இல் வாட்சன், ஒயிட், சர்ச் உள்ளிட்ட டாஸ்மேனியக் குழு இதற்கு விடை சொன்னது. உலகெங்கும் உள்ள ஓதமானிகளின் மணிவாரிப் பதிவுகளை எடுத்தார்கள். மிட்சம் செய்ததையே செய்தார்கள், ஒரு பெரிய வித்தியாசத்தோடு. ஓதமானி நிற்கும் துறைமுகமே புதைகிறதா, உயர்கிறதா என்பதை ஜி.பி.எஸ். மூலம் கணக்கில் எடுத்தார்கள். நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் புதைந்தால் ஓதமானி அதைக் கடலின் ஏற்றமாகவே படிக்கும்; விண்கலத்துக்கு அது தெரியாது. அந்தக் கலப்பைப் பிரித்ததும் டோபெக்ஸ் 'ஏ'யின் பிழை வெளியே வந்தது. முதல் ஆறு ஆண்டுகளின் பதிவு ஆண்டுக்கு சுமார் 0.9 முதல் 1.5 மி.மீ. வரை மிகையாக இருந்திருக்கிறது. அதை நீக்கினால் 1993 முதல் உலகச் சராசரி ஏற்றம் ஆண்டுக்கு 3.2 மி.மீ. என்று சொல்லிவந்தது 2.6-க்கும் 2.9-க்கும் நடுவில் வந்து நின்றது.

எண் குறைந்தது என்பதால் சிலர் மகிழ்ந்தார்கள். அது அவசர மகிழ்ச்சி. தொடக்கம் தாழ்ந்ததால் வரைகோட்டின் வளைவு தலைகீழானது. வேகம் குறைகிறது என்ற தோற்றம் போய், வேகம் கூடுகிறது என்பது தெரிந்தது. 2018-இல் ஸ்டீவ் நெரமும் கூட்டாளிகளும், திருத்திய பதிவைக் கொண்டு, ஏற்றத்தின் வேகம் ஆண்டுதோறும் 0.084 மி.மீ. கூடுவதாகக் கணக்கிட்டார்கள். பத்தாண்டில் ஆண்டு வேகத்தில் 0.8 மி.மீ. கூடும் என்பது அதன் பொருள். போர்ட் ஆர்தரில் நூற்று அறுபது ஆண்டுகளின் சராசரி வேகமே அவ்வளவுதான்.

இந்த வரலாற்றில் ஒரு சிறு பங்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் உண்டு. 2013 பிப்ரவரி 25 அன்று பி.எஸ்.எல்.வி.-சி20 ஏற்றிச் சென்ற 'சரள்' இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி மையமும் சேர்ந்து செய்த கடல் உயரமானி. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவே ஒரு மணல் தீவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரளின் ரேடார் மற்றவற்றைவிட உயர்ந்த அலைவரிசையில் இயங்கியதால் அதன் பார்வை குறுகல், கரைக்குக் கூடுதலாக நெருங்கிப் பார்க்க முடிந்தது. அடைமழை மேகம் வந்தால் அதே அலைவரிசை கண்ணை மறைத்துவிடும்; அது அதன் பலவீனம்.

கரைக்கு நெருங்குவதுதான் இன்றுவரை தீராத பாடு. மக்கள் வசிப்பது கரையில், விண்கலம் நம்பிக்கையோடு அளப்பது கரையை விட்டுத் தள்ளி. 2022 டிசம்பர் 16 அன்று ஏறிய 'ஸ்வாட்' அதற்கு ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தது. காலடியில் உள்ள ஒற்றைக் கோட்டை மட்டும் அளக்காமல், நீண்ட கையின் இரு முனைகளில் இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, 120 கி.மீ. அகலப் பட்டையையே படமாக எடுக்கிறது. 2023-இல் சில மாதங்கள் அதை நாள்தோறும் ஒரே பாதையில் ஓட்டிச் சோதித்தார்கள். பாஸ் நீரிணையும் அந்தச் சோதனைப் பட்டியலில் இருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பழகிய மிதவைக்காரர்களுக்கு அப்போது தினமும் விண்கலம்.

அடுத்த இதழில்: பனிப்பாறையின் எடையை விண்ணிலிருந்து நிறுத்த இரட்டை விண்கலங்கள்.

(தொடரும்)